படையலில் வைத்த கைப்பேசி

மாதவி கிள்ளான் நிலையத்தில் கொம்யூட்டர் ரயிலை விட்டு இறங்கியபோது மணி இரண்டேகால்தான். வானம் அதற்குள்ளேயே கறுத்துக் கிடந்தது. அவளுடைய அப்பா பரமேஸ்வரன் வாசலில் காடியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். மகள் ஏறி உட்கார்ந்ததும் முதல் வேலையாக, ஏன் இப்படி இளைத்துப்போயிருக்கிறாய், காஜாங்கில் சோறே கிடைப்பதில்லையா என்று ஆரம்பித்துவிட்டார். அவளைப் பார்த்து இரண்டு மாதமாகிறது. சந்தோஷம் வந்தால் அந்த மனிதருக்குத் திட்டத்தான் தெரியும்.

மாதவி கைப்பேசியை எடுத்துக் காட்டினாள். திரையில் பாதி இருட்டு, மீதிப் பாதியில் பச்சைக் கோடுகள். அவள் வேலை செய்யும் பல் கிளினிக்கின் படிக்கட்டில் விழுந்து உருண்டதாம். இது இன்றைக்கோ நாளைக்கோ செத்துவிடும், உள்ளே இருப்பதை எல்லாம் உடனே வேறு கைப்பேசிக்கு மாற்றிக்கொள் என்று கடையில் சொல்லிவிட்டார்களாம்.

மற்றது போனால் போகட்டும், உள்ளே அம்மாவின் குரல் இருந்தது. இராஜம்மா உயிரோடு இருந்தவரை தினமும் காலையில் மகளுக்கு அனுப்பிய குரல் செய்திகள், நான்கு வருடத்துக்கானவை. சாப்பிட்டாயா, குடை எடுத்துக்கொண்டாயா, தலைக்கு எண்ணெய் வைத்தாயா என்பதைத் தவிர அவற்றில் ஒன்றும் கிடையாது. மாதவி அவற்றை வேறெங்கும் சேமித்து வைக்கவில்லை. அம்மா செத்துப்போவாள் என்று யார் நினைத்தார்கள்.

"புதுசு வாங்க வேணாம்மா," என்றார் பரமேஸ்வரன். "வீட்டுல ஒண்ணு சும்மாதான் கெடக்கு."

அந்த ஒன்றைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

பரமேஸ்வரன் கெட்டவர் இல்லை. ஆனால் எதையும் தள்ளிப்போடுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இராஜம்மா இரண்டு வருடமாக ஒரு நல்ல கைப்பேசி கேட்டாள். அவளுடைய பழசில் மகளோடு முகம் பார்த்துப் பேசினால் பாதியிலேயே படம் நின்றுவிடும். அசையாமல் நிற்கும் மாதவியைப் பார்த்து இவள் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருப்பாள். பிள்ளை முகத்தை ஒரு தடவையாவது முழுசாகப் பார்க்க வேண்டும் என்பாள். பார்க்கலாம், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று இவர் சொல்லிக்கொண்டே இருந்தார். மார்ச் மாதத்தில் ஒரு காலை அடுப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், பிறகு எழுந்திருக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தின நாள் பரமேஸ்வரன் ஓடிப்போய், கடையில் இருந்ததிலேயே நல்லதாக ஒன்றை வாங்கி வந்தார். அவளுக்குப் பிடித்த நண்டுப் பிரட்டலும் நெத்திலி சம்பலும் படையல் இலையில். பக்கத்தில் புதுச்சேலை, அதன் மேல் கைப்பேசிப் பெட்டி. சூடம் காட்டும்போது மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதார். "இராஜம்மா, இது ஒனக்குத்தான். நீயே வச்சுக்க, வேற யாருக்கும் இல்ல," என்று கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார். பிறகு வழக்கப்படி கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நின்றார்கள். போனவர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டு, மூன்று தட்டுத் தட்டிவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார்கள்.

இராஜம்மாவின் அண்ணன் வேலாயுதம் அன்றைக்கே ஒரு வார்த்தை சொன்னார். படைத்ததை மகள் எடுத்துக்கொள்வதில் தப்பில்லை, ஆனால் அம்மா படத்துக்கு முன்னால் நின்று, எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டுவிட்டு எடுக்க வேண்டும் என்றார். சேலைக்குக் கேட்டார்கள். கைப்பேசிக்கு யாரும் கேட்கவில்லை. அது அலமாரிக்குள் போய் ஐந்து மாதம் கிடந்தது.

வீட்டுக்குள் நுழையும்போதே மழை பிடித்துக்கொண்டது. பட்டப்பகலில் கூடத்து விளக்கைப் போட வேண்டியிருந்தது. பரமேஸ்வரன் அலமாரியைத் திறந்து பெட்டியை எடுத்து மகள் கையில் கொடுத்தார். படத்தின் பக்கம் திரும்பக்கூட இல்லை. வேலாயுதம் சொன்னது அவருக்கு ஞாபகமே வரவில்லை.

பெட்டியைத் திறந்ததும் சாம்பிராணி வாசம் குப்பென்று அடித்தது.

மூடியே வைத்திருந்ததால் இருக்கும் என்றாள் மாதவி. பொத்தானை அழுத்தினாள். ஒரு தடவைகூடச் சார்ஜ் போடாத கைப்பேசி நூறு காட்டியது. எந்த மொழி வேண்டும் என்று கேட்காமல் திரை நேராகத் தமிழில் வந்து நின்றது. மாதவி ஒருநாளும் கைப்பேசியைத் தமிழில் வைத்தவள் இல்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நிறுத்திவிட்ட இராஜம்மாவுக்குத்தான் வேறு எழுத்து ஓடாது.

திரையின் மேல் 'இராஜம்மா' என்று பெயர் இருந்தது.

"கடையில அம்மா பேரக் குடுத்தீங்களாப்பா?"

கொடுத்திருப்பேன் என்றார் பரமேஸ்வரன். கொடுத்த ஞாபகம் அவருக்கு இல்லை.

இரண்டு கைப்பேசிகளையும் அருகருகே வைக்கச் சொன்னது திரை. வைத்தாள். மாதவியிடமிருந்து எதையெல்லாம் எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்டது. எண்கள், படங்கள், செய்திகள், செயலிகள் என்று வரிசையாக வந்து, கடைசியில் 'எல்லாம்' என்று இருந்தது. அவள் 'எல்லாம்' என்பதைத் தொட்டாள். ஒரு வட்டம் மெல்லச் சுற்றத் தொடங்கியது. அதன் நடுவில் ஒன்று என்று இருந்தது, பிறகு இரண்டு.

பரமேஸ்வரன் கோப்பி கலக்கிக் கொண்டுவந்தார். வட்டத்தில் எட்டு ஆகியிருந்தது. கூட இருக்கிற பெண் எப்படி, ஒழுங்காகச் சமைக்கிறாளா என்று பேச்சுக் கொடுத்தார். மாதவி சொல்ல வாயெடுத்து நின்றாள். அந்தப் பெண்ணின் பெயர் வாய் வரைக்கும் வந்துவிட்டு நழுவுகிறது என்று சிரித்தாள். அவரும் சேர்ந்து சிரித்தார். மூன்று வருடமாக ஒரே வீட்டில் இருப்பவர்கள்.

இருபது ஆனபோது அவள் பழைய கைப்பேசியில் எண்களைத் தேடினாள். ஒன்றும் இல்லை. நகல்தானே எடுக்கும், பழையதில் அப்படியே இருக்க வேண்டுமே என்று முணுமுணுத்தாள். படங்களைத் திறந்தாள். உடையாத பாதித் திரையில் பல் கிளினிக்கில் எடுத்த படம் ஒன்று இருந்தது. மாதவியும் வெள்ளைச் சட்டை போட்ட நாலு பெண்களும் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இவங்கல்லாம் யாருப்பா?"

கேட்டுக்கொண்டிருக்கும்போதே படம் திரையிலிருந்து மறைந்தது.

வட்டத்தில் முப்பத்து மூன்று.

 பரமேஸ்வரன் கோப்பிக் குவளையை மெதுவாகக் கீழே வைத்தார். விளையாட்டுக்குக் கேட்பதுபோல், உன் கிளினிக் காஜாங்கில் எந்தப் பக்கம் என்று கேட்டார். அவள் யோசித்தாள். ஜன்னலைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். படித்த பள்ளிக்கூடம் எது என்று கேட்டார். 

"எனக்கு வரலப்பா. ஒண்ணுமே வரல. பயமா இருக்குப்பா."

நிறுத்து, முதலில் அதை நிறுத்து என்று அவர் கையை நீட்டினார். மாதவி கைப்பேசியின் மேல் குனிந்து மறைத்துக்கொண்டாள். நிறுத்தினால் அம்மா குரல் போய்விடும், அது மட்டும் வந்து சேர்ந்துவிடட்டும் என்று கெஞ்சினாள். குழந்தையில் அழுவாளே, அதே அழுகை. அவர் கை தயங்கியது. அந்தத் தயக்கத்தை நினைத்து நினைத்துத்தான் பிறகு அந்த மனிதர் தலையில் அடித்துக்கொண்டார்.

நாற்பத்தெட்டில் குரல் செய்திகள் நகர ஆரம்பித்தன. யாரும் தொடாமலே ஒன்று ஒலித்தது.

"மாதவி, சாப்புட்டியாம்மா?"

இராஜம்மாவின் குரல்தான். பின்னால் அடுப்பில் தாளிக்கும் சத்தம். இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார்கள். மாதவியின் முகத்தில் அவ்வளவு நிம்மதி.

அடுத்தது ஒலித்தது.

"மாதவி, வந்துக்கிட்டே இருக்கியாம்மா?"

அப்படி ஒரு செய்தி இராஜம்மா அனுப்பியதே இல்லை.

இந்தச் செய்தியில் தாளிக்கும் சத்தம் இல்லை. மழைச் சத்தம் இருந்தது. வெளியே பெய்துகொண்டிருந்த அதே மழை.

பரமேஸ்வரன் பாய்ந்து கைப்பேசியைப் பிடுங்கினார். 'நிறுத்து' என்ற பொத்தானைக் கட்டைவிரலால் குத்தினார். உரிமையாளரின் முகத்தைக் காட்டவும் என்றது. மாதவியின் முகத்துக்கு நேரே பிடித்தார். இவர் இல்லை என்றது. தன் முகத்தைக் காட்டினார். இவர் இல்லை. பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திப் பிடித்தார், வைஃபை பெட்டியின் வயரை உருவினார், கடைசியில் வீட்டு மின்சாரத்தையே அணைத்தார். விளக்கு போனது. வட்டம் மட்டும் இருட்டில் வெளிச்சமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

ஐம்பத்தொன்பது.

சுத்தியலை எடுத்து ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. பாதிப் பிள்ளை இதற்குள் போய்விட்டது. உடைத்தால் அந்தப் பாதி என்ன ஆகும்? மிச்சம் என்று சொல்ல அவருக்கு இந்த உலகத்தில் அவள் ஒருத்திதான். சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு வேலாயுதத்தைக் கூப்பிட்டார். நடந்ததை உளறிக்கொட்டினார். 

"தங்கச்சிகிட்டக் கேட்டியா மாப்ள?"

"கேக்கல மச்சான்."

"இப்பவாச்சும் கேளு. எனக்கு வேற ஒண்ணும் தெரியாது லா."

படத்துக்கு முன்னால் விழுந்தார். தப்பு என்னுடையது, இரண்டு வருடம் உன்னை ஏமாற்றியவன் நான், என்னை எடுத்துக்கொள், பிள்ளையை விட்டுவிடு என்று தரையில் நெற்றியை மோதிக்கொண்டு அழுதார். எழுந்து பார்த்தபோது எழுபத்தொன்று. பார்த்துக்கொண்டே இருந்தார். எழுபத்தொன்றிலேயே நின்றது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். இராஜம்மா மனம் இரங்கிவிட்டாள் என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

எழுபத்திரண்டு.

அதற்கு மேல் அவரால் யோசிக்க முடியவில்லை. இரண்டு கைப்பேசிகளும் அருகில் இருந்தால்தானே இது நடக்கும் என்று பழையதைத் தூக்கிக்கொண்டு மழையில் ஓடினார். கேட்டைத் தாண்டி, சாலையைத் தாண்டி, எதிர்ப்புறத்துப் பெரிய கால்வாயில் வீசி எறிந்தார். தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போனது. திரும்பி ஓடிவந்தபோது வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

காற்றில்கூடச் சாத்தியிருக்கலாம். தள்ளினார், திறக்கவில்லை. மாதவி மாதவி என்று கத்திக்கொண்டே கதவை அடித்தார், உதைத்தார்.

உள்ளே யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு பெண்கள்.

ஒரு குரல் கேட்டது, இன்னொன்று பதில் சொன்னது. பிறகு இரண்டும் சேர்ந்து சிரித்தன. அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே அம்மாவும் மகளும் சிரிக்கிற சிரிப்பு. கதவிடுக்கு வழியாக நண்டு மசாலா வாசம் வந்தது.

பரமேஸ்வரன் அடிப்பதை நிறுத்தினார். மழையில் நடுங்கிக்கொண்டு கையைத் தூக்கி, பதினாறாம் நாளில் தட்டியதுபோல் மெதுவாகத் தட்டினார்.

ஒன்று.

இரண்டு.

மூன்றாவது தட்டில் கதவு திறந்துகொண்டது.

மாதவி நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தாள். கை இரண்டும் மடியில் இருந்தன. மேசைமேல் கைப்பேசித் திரையில் வட்டம் இல்லை. அவரைப் பார்த்ததும் அவள் மரியாதையாக எழுந்து நின்றாள்.

"வாங்க அங்கிள். யாரப் பாக்கணும்?"

அந்த ஒரு சொல்லில் பரமேஸ்வரன் உட்கார்ந்துவிட்டார். தெருவில் போகிற எவனையும் கூப்பிடுகிற சொல்.

ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் செய்தார்கள். தலையில் அடி இல்லை, மூளையில் குறை இல்லை, அதிர்ச்சியாக இருக்கலாம், பொறுத்துப் பார்ப்போம் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அவளுக்குச் சாப்பிடத் தெரிந்தது, குளிக்கத் தெரிந்தது, மூன்று மொழியும் பேச வந்தது. தான் யார் என்று மட்டும் தெரியவில்லை. நான் உன் அப்பா என்று பரமேஸ்வரன் தினமும் காலையில் சொன்னார். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொள்வாள். மத்தியானம், சோறு போடட்டுமா அங்கிள் என்பாள். அந்தப் பணிவு அவரைக் கொன்றது.

கைப்பேசியை அவர் அணைய விடவில்லை. அது அணையக்கூடியதாகவும் இல்லை. பூட்டிய திரையில் தாயும் மகளும் கன்னத்தோடு கன்னம் வைத்து நிற்கும் படம் ஒன்று வந்திருந்தது. மாதவி கட்டியிருந்தது படையல் சேலை. அந்தப் படத்தை எடுத்தது யார் என்று கேட்க அவருக்கு ஆள் இல்லை.

மூன்றாவது வாரம் சனிக்கிழமை மகளையும் அழைத்துக்கொண்டு பிரிக்ஃபீல்ட்சுக்குப் போனார். அங்கே கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் வாணி எப்பேர்ப்பட்ட பூட்டையும் திறந்துவிடுவாள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அவள் தன் கணினியில் கைப்பேசியைச் சொருகி ஒருமணி நேரம் மல்லுக்கட்டினாள். கடைசியில் வயரைப் பிடுங்கிவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"ஓனர் முகம் இல்லாம தொறக்காது அங்கிள். வேணும்னா ரீசெட் அடிச்சுடலாம். ஆனா உள்ள இருக்கிறது ஒண்ணும் மிஞ்சாது. அடிக்கவா?"

அவர் கைப்பேசியைப் பிடுங்கிப் பைக்குள் போட்டார். வாணி மாதவியைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

திரும்பும் ரயிலில் கூட்டம் இல்லை. மாதவி ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டடமாக வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். பரமேஸ்வரன் துணிப்பையை மடியில் வைத்து அணைத்துக்கொண்டார். அதில் ஒரு தண்ணீர் போத்தல், அவளுடைய மருந்து, அந்தக் கைப்பேசி, தன்னுடைய கைப்பேசி. சுபாங் தாண்டியதும் பை அதிர்ந்தது.

அந்தக் கைப்பேசியை எடுத்துப் பார்த்தார். பூட்டிய திரையில் மாதவியின் பெயரில் ஒரு செய்தி. முதல் சொல் 'அப்பா'.

மூன்று வாரத்துக்குப் பிறகு ஒருத்தி அவரை அப்பா என்று கூப்பிடுகிறாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்து எழுத்துகளை மறைத்தது. சட்டைக் கையால் துடைத்துவிட்டு மீதியைப் படித்தார்.

'அப்பா, பையக் கொஞ்சம் அசைக்காம வச்சுக்கங்க. அம்மா உங்கள பாதி எடுத்துட்டாங்க.'

பைக்குள் பார்த்தார். அவருடைய கைப்பேசி அங்கேதான் இருந்தது, இவ்வளவு நேரமும் இராஜம்மாவின் கைப்பேசி மேல் சாய்ந்தபடி இருந்திருக்கிறது. அவசரமாக எடுத்தார். அதில் எண்கள் ஒன்றும் இல்லை. முகப்பில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. ஜன்னலைத் திறந்து வீசிவிடலாம் என்று பார்த்தால் ரயிலில் திறக்கிற ஜன்னல் கிடையாது. வீசித்தான் என்ன ஆகப்போகிறது. நான் போய்விட்டால் இவளுக்கு யார் என்று மகளைப் பார்த்தார். என்னை எடுத்துக்கொள் என்று வாய்விட்டுக் கேட்டதும் அவர்தான்.

"அங்கிள், நம்ம எங்க எறங்கணும்?"

சொல்லிவிட வேண்டும், இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று நிமிர்ந்தார். கதவுக்கு மேலே ரயில் நிற்கும் ஊர்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றாகப் படித்தார். எல்லாம் நல்ல பெயர்களாகத்தான் இருந்தன. எதில் தன் வீடு என்று தெரியவில்லை. மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தாள். யார் வீட்டுப் பிள்ளையோ, பாவம், தனியாக வந்திருக்கிறாள் போலிருக்கிறது என்று அவருக்கு இரக்கமாக இருந்தது.

மடியில் பை இன்னொரு முறை அதிர்ந்தது.